ஆதம்பாவா மச்சான் சேற்றிலிருந்து எழுந்த நாள்

என் தங்கை சுபைதாவின் மகள் எனக்குப் போன் எடுத்தபோது பின்னேரத்து அசர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. "மாமா, வாப்பா மௌத்தாப் போயிட்டார்" என்றாள். என் வாயில் முதலில் வந்த கேள்வி, "விழுந்தா?"

"இல்ல மாமா. மத்தியானம் லுஹர் தொழுதிட்டு வந்து படுத்தார். அசருக்கு எழுப்பப் போனன், எழும்பல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனைப் புகழ்ந்துவிட்டேன். பிறகுதான் மௌத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அந்தப் பிள்ளை பிழையாக எடுக்கவில்லை. எழுபது வயது தாண்டியும் மோட்டார் சைக்கிளில் மார்க்கட்டுக்குப் போய்வந்த மனிதரைப் பற்றிப் பள்ளிவாசலிலும் எல்லாரும் கேட்டது அதையேதான். வழுக்கி விழாமல், வலி தெரியாமல், தன் படுக்கையில் அவர் போனது எனக்குப் பெரிய ஆறுதல்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். என் மச்சான் ஆதம்பாவாவை நெல் வியாபாரியாகவும் பள்ளிவாசலின் முன்வரிசையிலும் கண்டவர்கள் ஊரில் நிறையப் பேர். சவளக்கடை வயலில் அவரைக் கண்டவர்களில் மிஞ்சியிருப்பவர்கள் குறைவு. ஆகவே அதைச் சொல்கிறேன்.

மாரிப்போக அறுவடை முடிந்து, சூடடித்து, நெல் வீடு வந்து சேர்ந்ததும் எங்கள் வாலிபர்களுக்குக் கை சும்மா இராது. ஒரு போடியார் தன் வயலை ஒரு நாளைக்கு விட்டுத்தருவார். நான் உழவு மெசின் ஓட்டுகிறவன். குறுக்கே நிற்கும் வரம்புகளை வெட்டி, மண்ணை மட்டமாக்கி, பெரிய வட்டமாக ஒரு பாதை எடுத்துக் கொடுப்பேன். சுற்றிவர வைக்கோல் கட்டுகளைப் போட்டுவிட்டால் பந்தயத் திடல் தயார். கல்முனைக்குடி, மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு என்று எல்லா ஊர்ப் பொடியன்மாரும் மோட்டார் சைக்கிளோடு வந்துவிடுவார்கள். சைலன்சரைக் கழற்றிவிட்டு அவர்கள் ஓடும் சத்தம் நாவிதன்வெளி வரைக்கும் கேட்கும்.

அந்தத் திடலில் ஆதம்பாவாவுக்கு நிகராக ஓடியவர் பாண்டிருப்பு நல்லதம்பி ஒருவர்தான். இருவருக்கும் உயிர்ச் சிநேகம், வாய் மட்டும் பகை. கிழக்கை அடித்த பெரிய சூறாவளிக்கு முந்திய அறுவடையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் திருப்பத்துக்கு வந்தார்கள். ஆதம்பாவாவின் பின்சில்லு கட்டாந்தரையில் இழுபட்டது. தொடை எலும்பு முறிந்த சத்தம் வைக்கோலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். கால் சுகமாகிவிட்டது, நடையில் சின்னச் சாய்வு மட்டும் மிச்சம். ஆனால் அடுத்த அறுவடைக்கு அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "வீட்ட விடுறாங்கல்ல." நம்மூர் வழக்கம் தெரியும்தானே. கல்யாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டில் போய் இருப்பவன். வீடும் வளவும் அவளுடையவை. அப்படிப்பட்ட மாப்பிள்ளை வீட்டில் விடவில்லை என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். என் தங்கை சுபைதாவைப் பொல்லாதவள் என்று வாலிபர்கள் கதைத்தார்கள். அவள் காதிலும் அது விழுந்தது. நானும் மனதுக்குள் அவளைக் கொஞ்சம் கோபித்தேன்.

ஏழெட்டு அறுவடை அப்படியே போனது. ஒரு மாரிப்போகம் முடிந்து நான் பாதை எடுக்கப் புறப்பட்ட காலையில் சுபைதா என் வாசலுக்கு வந்தாள். என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, இந்தமுற இவரையும் கூட்டிப் போங்க."

"நீதானே புள்ள விடுறல்ல?"

"நான் எப்ப விடாம இருந்த? பந்தயம் வாற நாளெல்லாம் இந்த மனிசன் கடக்கரையில போய்க் குந்திக்கிட்டு இரிக்கார். அலைச் சத்தத்துல மத்தச் சத்தம் கேக்காதாம். பயம் காக்கா. அத வெளிய சொல்ல ஏலாம என்ட தலையில போட்டார். நானும் ஓம் எண்டுட்டன். ஆம்புள பயந்தவன் எண்டு ஊர் சிரிக்கிறத விட, பொண்டாட்டி பொல்லாதவள் எண்டு சொல்லிட்டுப் போகட்டும்."

அவள் வீட்டில் நெல்மூட்டை அடுக்கிய அறைக்குள் மோட்டார் சைக்கிள் சாக்கு மூடிக் கிடந்தது. துருவேறிக் கறள் பிடித்திருக்கும் என்று நினைத்துச் சாக்கை இழுத்தேன். செயினில் தேங்காய் எண்ணெய் மினுங்கியது. வயரை எலி கடிக்காமல் சுபைதா துணி சுற்றியிருந்தாள். ஆதம்பாவா கதவடியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார்.

திடலில் நல்லதம்பி கண்டுவிட்டு, "என்ன மாப்பிள்ள, மாமியார் உத்தரவு கிடைச்சிற்றா?" என்று சத்தம் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஆதம்பாவாவும் சிரித்தார், ஆனால் கண் மட்டும் திருப்பத்திலேயே நின்றது. பந்தயம் தொடங்கியதும் கடைசியாகத்தான் போனார். நேர்ப்பாதையில் ஓடுவார்; திருப்பம் வந்ததும் காலைக் கீழே ஊன்றி, நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுவார். "காக்கா, மாடா மேய்க்கிறீங்க?" என்று யாரோ கத்தினார்கள். வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்ற எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் தண்ணீர் வந்தது. வாய்க்காலுக்குப் பொறுப்பான வட்டவிதானை, அடுத்த போகத்துக்கு முன் வாய்க்காலைக் கழுவிவிடத் தண்ணீரைத் திறந்திருந்தார். பந்தயம் இருப்பதை அவரிடம் போடியார் சொல்லியிருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். நாங்கள் சொல்லியிருப்போம் என்று போடியார் நினைத்தார். நான் வரம்பை வெட்டியிருந்த வழியால் தண்ணீர் உள்ளே புகுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருப்பத்தைச் சேறாக்கிவிட்டது.

முன்னால் வந்தவர்கள் பிரேக்கைப் பிடித்து ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். நல்லதம்பியும் சரிந்தார். பின்னால் வந்த ஆதம்பாவா அவர்களை விலத்தப் பிடியைத் திருப்பினார். சில்லு வழுக்கியது. அன்று முறிந்த அதே கால் பக்கமாக விழுந்தார்.

நான் சேற்றில் புதைந்து புதைந்து ஓடினேன். அவர் முகம் முழுக்கச் சேறு, கண் மூடியிருந்தது. "மச்சான்! மச்சான்!" என்று உலுப்பினேன்.

"மச்சான், காலப் பாருங்க. ரெண்டும் இரிக்கா?"

"இரிக்கு."

"அப்ப ஏன் நீங்க அழுறீங்க?"

அவர் சிரிக்கத் தொடங்கினார். சேற்றில் மல்லாந்து கிடந்தபடி வயிறு குலுங்கச் சிரித்தார். "இவ்வளவுதானா? இதுக்கா இத்தன வருஷம் கடக்கரையில குந்தினன்?" என்றார்.

நல்லதம்பி வந்து கை கொடுத்துத் தூக்கினார். அவரும் தலை முதல் கால் வரை சேறு. "எழும்பு எழும்பு. இந்தக் கோலத்தில போனா இண்டைக்கு உன்ட மனிசி வாசலத் திறக்க மாட்டா" என்றார்.

ஆதம்பாவா சிரிப்பை நிறுத்தினார். சுற்றி நின்ற அத்தனை பேரையும் பார்த்து, பாங்கு சொல்கிறவரைப் போல் குரலை உயர்த்திச் சொன்னார்: "எல்லாரும் கேளுங்க. என்ட மனிசி என்னை ஒருநாளும் தடுக்கல்ல. பயந்தது நான். அவள் எனக்காகக் கெட்ட பேரு சுமந்தவள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நல்லதம்பி தன் சேற்றுக் கையால் அவருடைய தோளைத் தட்டினார். ஆதம்பாவா சைக்கிளை நிமிர்த்தி, பலமுறை உதைத்து இயக்கி, இரண்டு காலையும் விரித்துக்கொண்டு அந்தச் சேற்றில் மிச்சப் பாதையைத் தனியாக ஓடி முடித்தார். முடித்த இடத்தில் வட்டவிதானை மண்வெட்டியோடு நின்று, "ஆருடா வரம்ப வெட்டின?" என்று ஏசிக்கொண்டிருந்தார். ஆதம்பாவா இறங்கிப் போய் அவருடைய கையைப் பிடித்தார். "ஏசாதீங்க விதானையார். நல்ல நேரத்துக்குத் திறந்தீங்க. காஞ்ச தரையில விழுந்திருந்தா மறுகாவும் ஆஸ்பத்திரிதான்."

அடுத்த வருஷம் யுத்தத்தால் நாட்டு நிலைமை மாறிவிட்டது. சவளக்கடைப் பாதையால் வயலுக்குப் போய்வருவதே பெரும்பாடாகியது. பந்தயம் நின்றது, பிறகு நடக்கவே இல்லை. நல்லதம்பி வெளிநாடு போய்விட்டார். அன்றைக்கும் ஆதம்பாவா கடற்கரையில் குந்தியிருந்தால், அந்தப் பயத்தை இறக்கிவைக்க அவருக்கு வேறு இடம் கிடைத்திராது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு லேசாகும். பிறகு அவர் அந்தச் சைக்கிளின் பின்னால் சுபைதாவை ஏற்றிக்கொண்டு அறுகம்பே வரைக்கும் போய் வந்ததை ஊர் முழுக்கக் கண்டது.

ஆனால் சேற்றில் நின்று சொன்ன அந்தச் சொல்லை அவர் அவளிடம் நேரே சொன்னதில்லை. வெட்கம். அன்று வீட்டுக்குப் போய், "விழுந்திட்டன் புள்ள, தண்ணி கொண்டா" என்று மட்டும்தான் சொன்னார். வயலில் நடந்ததை நான்தான் பிறகு அவளுக்குச் சொன்னேன்.

ஜனாஸா அடக்கம் முடிந்து சுபைதாவைப் பார்க்கப் போனேன். கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவில் வெள்ளை உடுத்து அறைக்குள் இருந்தாள். அழுது முடித்திருந்தாள். என்னைக் கண்டதும் பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

"காக்கா, அண்டைக்கு வயலுக்குள்ள என்ன சொன்னார்? இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னேன். அவருடைய குரலில், அவர் உயர்த்திய இடத்தில் உயர்த்திச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, "ஓம்" என்றாள்.

ஆதம்பாவாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு பேச்சுத்தான். சுபைதா கேட்கும்போதெல்லாம் ஒரு சொல் குறையாமல் கொடுப்பதற்காக அதை வைத்திருக்கிறேன்.