மடக்குக் கத்தியும் என் கான்ட்ராக்டும்

வயர்மேன் வேலையில் ஷாக் அடித்து விழுந்தவனைவிட கம்ப்ளெய்ன்ட் அடித்து விழுந்தவன்தான் அதிகம்.

கருவிப் பையோடு அடுத்தவர் வீட்டுப் படியேறிப் பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்கள் நம்பினால் நம்பட்டும்.

நெய்வேலி நகரியத்தில் க்வார்ட்டர்ஸ் மெயின்டனன்ஸ் பார்த்தேன். பர்மனென்ட் இல்லை, கான்ட்ராக்ட். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து சைக்கிளில் வருவேன். பேன்ட் பாக்கெட்டில் பண்ருட்டியில் வாங்கிய ஒரு மடக்குக் கத்தி. மரப்பிடி, ஒரே அலகு, லாக் கிடையாது. வயர் தோல் உரிப்பதிலிருந்து, ஸ்விட்ச் பெட்டிக்குள் குளவி கட்டிய மண்ணைச் சுரண்டுவது வரை எல்லாவற்றுக்கும் அதுதான். தீட்டித் தீட்டி அலகு பாதியாகிவிட்டது. நானும்தான்.

கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் யாரை வைப்பது, யாரைக் கழிப்பது என்று புது ஆள்தான் முடிவு செய்வான். வயசானவன், கம்ப்ளெய்ன்ட் உள்ளவன் முதலில் போவான். இந்த முறை மாறும்போது நான் நின்றாக வேண்டும். காலம் தப்பிப் பிறந்த ஒரே மகள், கடலூரில் நர்சிங் கடைசி வருஷம். அவள் முடிக்கிற வரைக்கும் போதும், அப்புறம் யார் என்னைக் கழித்தால் என்ன என்றிருந்தேன். அந்த ஒரு வருஷத்தில் நடந்தவைதான் இவை.

சண்டை வேண்டாம்

என்னோடு ஜோடி போட்டு வந்தவன் தண்டபாணி. நல்லவன். கத்தியை மட்டும் கைக்குக் கை கொடுக்க மாட்டான். கொடுத்தால் சண்டை வருமாம். கீழே வைப்பான், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். தரையில் நிற்கிறவர்களுக்கு இது நல்ல வழக்கம். நான் நிற்பது ஏணி உச்சியில்.

"கத்தியக் குடுடா" என்பேன். பயபக்தியோடு ஏணிக்கடியில் வைப்பான். இறங்குவேன், எடுப்பேன், ஏறுவேன். ஒருநாள் மூட்டுவலி தாங்காமல் மேலிருந்தே கத்தினேன். அவன் பதிலுக்குக் கத்தினான். அவன் அப்பனை நான் இழுத்தேன், என் பாட்டனை அவன் இழுத்தான். வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து போன் போட்டுவிட்டார். முதல் கம்ப்ளெய்ன்ட். தண்டபாணி ஏணியைப் பிடித்தபடி அமைதியாகச் சொன்னான்:

"பாத்தியாண்ணே, கீய வெச்சிக்கினு இருக்கும்போதே இவ்ளோ சண்ட. கையில குடுத்திருந்தா கொலையே வுழுந்திருக்கும்."

பலாப்பழம்

கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். ரெகுலேட்டர் மாற்றப் போனேன். மாற்றி முடித்ததும், "ஏனுங்க, கத்தி வெச்சிருக்கீங்களல்லோ?" என்றார். கூடத்தில் ஒரு முழுப் பலா. முடியாது என்றால் அதுவும் ஒரு கம்ப்ளெய்ன்ட். அறுத்தேன். அந்த அம்மா கைக்குத் தேங்காயெண்ணெய் தந்தார். கத்திக்கு யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அவசரத்தில் மடக்கிப் பாக்கெட்டில் போட்டேன்.

அடுத்த வீட்டில் மதுரைக்காரர், ஷிப்ட் முடித்துத் தூங்க வந்தவர், ஃபேன் ஓடவில்லை. ஸ்டூல்மேல் ஏறிக் கத்தியை விரிக்கிறேன், வரவில்லை. பலாப்பால் இறுகிவிட்டது. நகம் பெயர்ந்தது. பல்லால் இழுத்தேன், முழங்காலில் இடுக்கி இழுத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, எல்லாவற்றையும் பார்த்தார். அப்புறம் ஆபீசுக்குப் போன் செய்தார். எனக்கும் கேட்கும்படிதான் பேசினார்:

"ஏம்ப்பா, வயர்மேனத் தான கேட்டேன்? வித்தை காட்டுறவன அனுப்பிச்சிருக்கீக!"

பூஜையில் இருக்கிறது

ஆயுத பூஜை. செக்‌ஷன் ஷெட்டில் எல்லாக் கருவிகளையும் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை படைத்தாகிவிட்டது. மறுநாள் காலை பூஜை வரைக்கும் எதையும் தொடக்கூடாது. என் கத்திக்கும் ஒரு பொட்டு, ஒரு சாமந்தி. அன்றைக்குத்தான் அது என்னைவிட நன்றாக இருந்தது.

ஒரு வீட்டில் மெயின் வயர் கருகிப் புகை என்று அவசர அழைப்பு. சூபர்வைசரிடம் கத்தியைக் கேட்டேன். "சாமி கிட்ட இருக்குதுய்யா, எப்பிடி எடுக்கிறது?" என்றார். கருகுகிற வீட்டையும் விட முடியாது. போனேன். மெயின் ஸ்விட்சை இறக்கினேன், கருகிய துண்டை முறித்தேன், புது வயரின் தோலைப் பல்லால் உரித்தேன். மூன்றாவது வயரில் முன்பல் ஒரு ஓரம் போய்விட்டது. விளக்கு எரிந்தது. ரத்தம் துடைக்கத் துணி கேட்டேன். என்னைக் கூப்பிட்டுவிட்ட அதே வீட்டு அம்மா, சுண்டல் கிண்ணத்தோடு வந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்:

"நல்ல நாளும் அதுவுமா ஏங்க வேலை செய்யறீங்க? பாவமில்லையா?"

புது ஆள்

பொங்கலுக்குப் பிறகு கான்ட்ராக்டர் மாறினார். புது சூபர்வைசர் சின்ன வயசு, மரியாதையான பிள்ளை. என்மேல் இரண்டு கம்ப்ளெய்ன்ட் இருப்பது அவனுக்குத் தெரியும். இருந்தும், "அதெல்லாம் விடுங்கய்யா. ஒரு ஹோல்டர் மாட்டிக் காட்டுங்க, போதும்" என்றான். மகள் முகம் நினைவுக்கு வந்தது. அவள் படிப்பு முடிய இன்னும் நான்கு மாதம்தான்.

கத்தியை விரித்தேன். வயரில் வைத்து அழுத்தினேன். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் செய்யாததை அன்றைக்குச் செய்தது. ஸ்ப்ரிங் விட்டுப்போய், அலகு திரும்பி ஆள்காட்டி விரல்மேல் மடங்கியது. எலும்பு தெரிந்தது. அந்தப் பிள்ளை தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினான், தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான், தையல் போடுகிற வரை கூடவே நின்றான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"அய்யா, கத்தியே ரிட்டயர் ஆயிடுச்சு, நீங்க இன்னும் எதுக்கு கஷ்டப்படறீங்க?"

இப்போது நான் ஏணி தூக்கிப் போன அதே க்வார்ட்டர்ஸில் என் மனைவி வீட்டு வேலைக்குப் போகிறாள், மகள் படிப்பு ஓடுகிறது.

க்வார்ட்டர்ஸில் கரண்ட் போனால் அரை மணியில் ஆள் வந்துவிடும். ஆளே போய்விட்டால், ஃபேன் சுற்றுகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது.