ஆனந்தவள்ளி விடைபெற்ற விதம்

ஆனந்தவள்ளி குத்துக்கல்வலசையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. பிறந்த வீட்டில் எல்லோரும் போலீஸ், புகுந்த வீட்டில் எல்லோரும் ராணுவம். இவள் மட்டும் செல்போனை வைத்துக்கொண்டு ஸ்பானிஷ் படித்தாள். "அதப் படிச்சு குத்தாலத்துக் குரங்குகிட்டயா பேசப் போறே?" என்பார் மாமனார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவளோ சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவாள்.

பாடம் எனக்கும் சேர்த்துத்தான். "ஏட்டி சாஜிதா, நாம தெரியும்னு ஒரே வார்த்தைல முடிச்சிருதோம். அவங்களுக்கு ரெண்டு இருக்கு. அருவி எங்கன இருக்குன்னு தெரிஞ்சா சபேர். அதுல போய்க் குளிச்சுப் பழகியிருந்தா கொனோசேர்." போவதில்கூட இரண்டாம். ஓர் இடத்துக்குப் போனால் இர். இருக்கிற இடத்தை விட்டுக் கிளம்பினால் இர்சே. அடேயப்பா!

போன வாரம் பெங்களூர் கம்பெனி ஒன்று லேப்டாப்பில் நேர்காணல் வைத்தது. மெக்சிகோ வாடிக்கையாளர்களோடு வீட்டிலிருந்தே பேசுகிற வேலை. இதுவும் கிடைக்காவிட்டால் ஸ்பானிஷை மூட்டை கட்டிவிடுவதாக மாமனாரிடம் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தாள். நான் கதவோரம் நின்று துஆ செய்தேன்.

மெக்சிகோக்கார அம்மாள் ஒருத்தி வினைச்சொற்களாகவே கேட்டாள். இவள் பொரிந்து தள்ளினாள். ஒன்றும் பிசகவில்லை, ஆனாலும் அந்த அம்மாள் முகத்தில் சிரிப்பே இல்லை. முடிந்ததும் இவள் "வோய் இ வுவெல்வோ" என்று சொல்லி லேப்டாப்பை மூடினாள்.

"ஏட்டி, போயிட்டு வாரேன்னா சொன்னே? கிளம்புதேன்னா 'மே வோய்'னு நீதான சொல்லித் தந்தே!"

"தெரியும்ட்டி. வேலை கேக்கப் போன எடத்துல போறேன்னு எப்படிச் சொல்லுவேன்? வெளங்குமா?"

அதற்குள் போன் அடித்தது. கம்பெனிக்காரர். "மேடம், எங்க போயிட்டீங்க? திரும்பி வர்றேன்னு சொன்னீங்களாம். அவங்க இன்னும் காத்துக்கிட்டு இருக்காங்க!"

யா அல்லாஹ்! அவசரமாக லேப்டாப்பைத் திறந்தாள். சாவு வீட்டிலிருந்துதான் சொல்லாமல் கிளம்புவோம், மற்ற வீடுகளில் திரும்பி வருவதாகச் சொல்லித்தான் வாசல் தாண்டுவோம் என்று ஸ்பானிஷில் விளக்கினாள். படித்த பாடம் எதிலும் இது இல்லை. கையை ஆட்டினாள், திக்கினாள், தப்பும் தவறுமாகக் கொட்டினாள், நடுவில் அவளே சிரித்துவிட்டாள். அந்த அம்மாளும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஏதோ சொன்னாள். ஆனந்தவள்ளிக்குப் பொலபொலவென்று கண்ணீர்.

"என்னட்டி சொல்லுதா?" எனக்கு உயிரே போனது.

"மனப்பாடம் பண்ணி ஒப்பிக்குதேன்னு என்னை வேண்டாம்னுதான் முடிவு பண்ணியிருந்தாளாம். இப்பத்தான் நான் பேசினேனாம். திங்கக்கிழமை வேலைக்கு வரணுமாம்!"

லேப்டாப் இன்னும் திறந்துதான் இருக்கிறது என்பதை மறந்து நான் ஒரு குலவை போட்டேன் பாருங்கள், மெக்சிகோவுக்கே கேட்டுவிட்டது.