மாமாவும் அப்பாவும் நான்கு போல்ட்டுகளும்

2009-ஆம் வருடம், தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் அண்ணனின் நிச்சயதார்த்தத்துக்காகக் கடலூரிலிருந்து சிதம்பரம் போய்க்கொண்டிருந்தோம். அண்ணனும் சொந்தக்காரர்களும் வேனில் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். எங்கள் காரில் நான்கு பேர். அப்பா ஓட்டினார். பக்கத்தில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. பின் சீட்டில் அம்மாவும் நானும். என் மடியில் நிச்சயப் புடவைத் தட்டு. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் தங்கை அந்தப் புடவையைக் கொடுத்து, பெண் அதைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் தாம்பூலம் மாற்றுவார்கள். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பெண் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

முன் சீட்டுக்காரர்கள் இருவருக்கும் ஆறு மாதமாகப் பேச்சு கிடையாது. காரணம், நாங்கள் உட்கார்ந்திருந்த அந்தக் கார்தான்.

அப்பா பழைய கார் தேடியபோது கடைசியில் இரண்டு வண்டிகள் தேறின. விலை, வயது எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். சக்கரம் மாட்டுகிற விதம்தான் வேறு. ஒன்றில் ஸ்டட். சக்கரம் உட்காரும் இடத்தில் திருகாணிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சட்டையை ஆணியில் மாட்டுவதுபோல சக்கரத்தை அதில் தொங்கவிட்டு, நட்டை முறுக்கினால் வேலை முடிந்தது. இன்னொன்றில் போல்ட். அங்கே வெறும் ஓட்டைகள்தான் இருக்கும். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, ஓட்டைக்கு நேராக ஓட்டையை வைத்து, போல்ட்டைச் சொருக வேண்டும்.

நான் மெக்கானிக்கல் படித்து வேலையில் இருந்தவள் என்பதால் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். எதையும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதாமல் எனக்கு ஓடாது. இரண்டுக்கும் உள்ள நல்லது கெட்டதை எழுதிக் கொடுத்தேன். ஸ்டட் என்றால் தனி ஆளே சக்கரம் மாற்றலாம், ஆனால் ஸ்டட்டின் மரை போய்விட்டால் அதை அடித்துக் கழற்ற வேண்டும். போல்ட் என்றால் மாட்டுவது சிரமம், ஆனால் மரை தேய்ந்த போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம். அப்பா ஸ்டட்டின் நல்லதையும் போல்ட்டின் கெட்டதையும் படித்தார். மாமா மிச்சத்தைப் படித்தார். “போல்ட்டுதான் மாமா கெட்டி” என்று அப்பாவிடம் மாமா ஒற்றைக் காலில் நின்று போல்ட் வண்டியையே வாங்க வைத்துவிட்டார்.

முதல் பஞ்சர் ஒரு மழை நாளில். அப்பா தனியாகச் சக்கரத்தைத் தூக்கி, போட்டு, மறுபடி தூக்கி, ஒரு வழியாக மாட்டிவிட்டு வந்தார். சட்டை முழுக்கச் சேறு. அப்படியே நின்றபடி மாமாவுக்குப் போன் செய்து, போல்ட்டைப் பற்றி ஆரம்பித்து மாமாவின் மூளையைப் பற்றி முடித்தார். அதோடு பேச்சு நின்றது. இரண்டு தெரு தள்ளித்தான் மாமா வீடு. ஒருவர் பால் வாங்கப் போவது தெரிந்தால் இன்னொருவர் கறுப்புக் காபி குடிப்பார்.

ஆனால் தாய்மாமன் இல்லாமல் நிச்சயம் நடக்குமா? மாமா வந்தார். பின் சீட்டில்தான் உட்காருவேன் என்றார். தாய்மாமன் பின்னால் உட்கார்ந்து போனால் ஊர் என்ன பேசும் என்று அம்மா மல்லுக்கு நின்று முன்னால் உட்கார வைத்தாள். அதிலேயே தாமதம்.

புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டி இடது பக்கம் இழுத்தது. பின் சக்கரம் பஞ்சர்.

அப்பா இறங்கினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜாக்கி வைத்தார். நான்கு போல்ட்டையும் கழற்றி, ஸ்டெப்னியைத் தூக்கினார். மாமா சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு தடவை சக்கரம் அப்பாவின் கையை விட்டு இறங்கியது.

“தம்பி, மணி மூணரைடா. அந்த சவுக்க அப்பறம் எண்ணிக்கலாம்” என்றாள் அம்மா.

மாமா வந்து சக்கரத்தின் மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் ஒரு டயர்தான். நான் போல்ட்டோடு குனிந்து ஓட்டையைப் பார்த்தேன்.

“உங்கப்பாவ கொஞ்சம் எறக்கச் சொல்லும்மா” என்றார் மாமா.

“நான் எறக்கிட்டுதான் இருக்கேன். அவுரு ஜாஸ்தி தூக்கறாருன்னு சொல்லு” என்றார் அப்பா.

இருவரும் சொன்னதை நானும் ஒழுங்காக ஒப்பித்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் ஓட்டை நகர்ந்துபோய்விடும். தகவல் சுற்றிக்கொண்டு தாமதமாகப் போனால் எந்த இயந்திரமும் ஒரு நிலையில் நிற்காது. இதற்குள் என் முந்தானை அவிழ்ந்து டயரின் மேல் விழப் பார்த்தது. கைகளில் கிரீஸ். வேறு வழியில்லாமல் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

“அவருகிட்ட சொல்லும்மா” என்றார் மாமா.

“ம்” என்றேன்.

“என்னா ம்?” என்றார் அப்பா.

“ம்ம்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கையில் புடவைத் தட்டோடு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரம் கனத்தது. கடைசியில் மாமாதான் வாயைத் திறந்தார்.

“வலது பக்கம் திருப்பு மாமா.”

“எந்த வலது? உன் வலதா, என் வலதா?”

“சரி, சிதம்பரம் பக்கம்.”

“சிதம்பரம் பக்கம்னா மேலயா, கீழயா?”

“மேல் பக்கத்த சிதம்பரத்துக்குத் தள்ளு. போதும், போதும். கொஞ்சூண்டு கடலூருக்கு வா.”

“வந்துட்டேன். நீ கீழ எறக்கு மச்சான்.”

ஓட்டைக்குள் ஓட்டை, பிறை வளர்ந்து முழு நிலா ஆவதுபோல வட்டமாகத் தெரிந்தது. போல்ட்டைச் சொருகித் திருகினேன். பிடித்துக்கொண்டது. மற்ற மூன்றும் தகராறு செய்யவில்லை. எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும் என்று நான் வாயைத் திறந்து சொன்னபோது, இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையை எப்போதோ பல்லிலிருந்து எடுத்துப் பத்திரமாக இடுப்பில் செருகியிருந்தேன். 

நாலே காலுக்குச் சிதம்பரம் மேல வீதியிலிருந்த மண்டபத்தில் நுழைந்தோம். புடவையை எப்படி அவ்வளவு வேகமாகக் கட்டினீர்கள் என்று அண்ணியிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ராகு காலத்துக்கு முன்னால் தாம்பூலம் மாறியது. பந்தியில் அப்பாவும் மாமாவும் பக்கத்துப் பக்கத்து இலை. ஸ்டட்டா, போல்ட்டா என்று ரசம் வரும்வரை சண்டை. பெண்ணின் பெரியப்பா என் அம்மாவிடம், மச்சினனும் மாமனும் இப்படி மனசு விட்டுப் பேசிக்கொள்வதை எங்குமே பார்த்ததில்லை என்று ஆச்சரியப்பட்டார். அம்மா அடக்கமாகத் தலையாட்டினாள்.

பிறகொரு நாள், அந்த ஓட்டைகளில் நிரந்தரமாக ஸ்டட் பொருத்திக்கொள்ளலாம், அதற்கென்றே விற்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். ஆறு மாதம் சண்டை போட்ட மனிதர், போல்ட்டே இருக்கட்டும் என்றார். அதற்கப்புறம் பஞ்சர் ஆகும்போதெல்லாம் முதல் போன் மாமாவுக்குத்தான்.

கார் வாங்கப்போகிற நண்பர்கள் ஸ்டட் நல்லதா, போல்ட் நல்லதா என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். பழக்கத்தில் எண் போட்டுச் சொல்ல ஆரம்பிக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், உங்கள் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று கேட்கத்தான் வாய் வருகிறது.