மணிக்கூண்டு எழுதிய எண்கள்

எங்கள் நீரேற்று நிலையத்தில் அவளுக்கு மணிக்கூண்டு என்று பெயர். பதினொரு வருஷமாக, கடிகாரத்தில் மணி ஆனால் கையில் பாட்டிலோடு தொட்டியை நோக்கி நடப்பாள். மேலதிகாரி எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலும் பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவாள். பெயர் வைத்தவன் நான்தான். முகத்துக்கு நேரே சொன்னபோது, "நின்னுபோன கடிகாரம்னு சொல்லாத வரைக்கும் சரிதான் அண்ணே" என்று சிரித்தாள்.

நிலையத்தில் இரண்டு ஷிஃப்ட். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை அவள், இரண்டிலிருந்து பத்து வரை நான். பத்துக்கு மேல் பம்புகளை நிறுத்திவிடுவோம். மணிக்கு ஒருமுறை தொட்டிக்கு அறுபத்திரண்டு படி ஏறி, ஊருக்குப் போகிற தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்து, கீழே பரிசோதனை அறைக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணாடிக் குழாயில் ஊற்றி நான்கு சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளோரின். வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பதிவேட்டில் ஓர் எண் எழுதினால் வேலை முடிந்தது. ஒரு தடவைக்கு இருபது நிமிஷம், ஒரு ஷிஃப்டுக்கு எட்டுத் தடவை.

எங்கள் துறை வருஷத்துக்கு ஒருவரைச் சம்பளத்தோடு மேலாண்மைக் கல்லூரிக்கு அனுப்பும். நுழைவுத் தேர்வில் தேற வேண்டும், வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. அந்தச் சுற்றறிக்கையை எங்கள் குமாஸ்தா மேசை இழுப்பறையில் போட்டு ஒரு மாதம் அடைகாத்துவிட்டு, கடைசி நாளில் எடுத்து ஒட்டினார். மணிக்கூண்டுக்கு முப்பத்தைந்து முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. அன்றே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். தேர்வுக்கு நாற்பது நாள் பாக்கி.

"உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? காலேஜ் பசங்க கோச்சிங் போய் ரெண்டு வருஷம் படிக்கிறானுங்க" என்றேன்.

"இன்னும் இருபத்தஞ்சு வருஷம் இதே படியை ஏறி இறங்கணுமா அண்ணே? ஒரு தடவையாவது நான் மேசைக்கு அந்தப் பக்கம் உக்காரணும். இந்த வருஷம் விட்டா எனக்கு இல்ல."

அவள் வீடு இரண்டே அறை. கணவன் பார்சல் வேன் ஓட்டுகிறவன், எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. மாமியார் படுத்த படுக்கை. இரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு மகள். வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் உடனே யாருக்காவது பசிக்கும் என்பாள். அதனால் பழைய புத்தகக் கடையில் வாங்கிய தலையணை மொத்தப் புத்தகத்தைப் பரிசோதனை அறைக்கே கொண்டுவந்துவிட்டாள். அதில் முன்பு படித்தவன் பென்சிலால் விடை குறித்து வைத்திருந்தான். பாதி விடை தப்பு. அதையெல்லாம் கண்டுபிடித்துத் திருத்துவதில் அவளுக்கு ஒரு குஷி.

முதல் வாரம் கணக்கு அவளைப் படாத பாடு படுத்தியது. இரண்டாவது வாரத்தில் எண் வரிசை பிடிபட்டது. நான் ஷிஃப்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பிப்பாள்.

"அண்ணே, மூணு, ஏழு, பதினஞ்சு, முப்பத்தொண்ணு. அடுத்து என்ன?"

"எனக்கு ரிடையர்மென்ட்."

"அறுபத்திமூணு! ரெட்டிப்பாக்கி ஒண்ணைக் கூட்டணும். பாத்த உடனே தெரியுதே!"

உண்மையிலேயே அவளுக்குப் பார்த்த உடனே தெரிந்தது. பஸ் நம்பர், பம்பு மீட்டர், எதைப் பார்த்தாலும் அடுத்தது என்ன என்று சொல்லிவிடுவாள். ஒருநாள் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்ன எண்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். என்ன இது என்று கேட்டேன். தொட்டிக்குப் போகும் முன்பே அளவு என்ன வரும் என்று யூகித்து எழுதுவாளாம், போய்ப் பார்த்துவிட்டுச் சரிபார்ப்பாளாம். "ஒன்பது நாளா ஒண்ணுகூடத் தப்பல அண்ணே" என்றாள். குரலில் பெருமை. எனக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

இருபத்திரண்டாவது நாள் நான் முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டேன். அவள் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டில் அலமாரியில் காய்ந்து கிடந்தது. பதிவேடு திறந்திருந்தது. மணி ஒன்றேகால்தான். இரண்டு மணிக்கு எழுத வேண்டிய அளவு அதில் ஏற்கெனவே இருந்தது. புள்ளி ஆறு.

நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். காது மடல் வரைக்கும் சிவந்தது. "நூத்தறுபது நிமிஷம் அண்ணே. ஒரு நாளைக்கு நூத்தறுபது நிமிஷம் எனக்கு மிச்சமாகுது. இன்னும் பதினெட்டு நாள்தான். அது எப்பவும் அதேதான் வருது" என்றாள்.

மேலே ஓடிப்போய் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வா என்று நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். வயதில் மூத்தவன், அண்ணன் என்று கூப்பிடுகிறாள், கேட்டிருப்பாள். கண்டும் காணாதவன்போல, "சரி சரி, படி" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். 

ஏன் சத்தம் போடவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்கு வருஷமாக நான் அந்தப் படியில் ஏறவில்லை. முழங்கால் வலி என்பது சாக்கு. காலையில் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாளே, அதே தண்ணீர்தானே மதியமும் ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டு, சாயங்காலம் உட்கார்ந்த இடத்திலேயே எட்டு எண்ணையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். அவள் நேர்மையின் மேல் சாய்ந்துகொண்டு நான் காலை நீட்டியிருந்தேன். இப்போது அவளும் நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து அந்த ஊரின் தண்ணீரை ஒருவரும் பார்க்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

நாளைக்கு ஏறிவிடலாம், நாளைக்கு ஏறிவிடலாம் என்று தினமும் சொல்லிக்கொண்டேன். மணிக்கூண்டு இளைத்துக்கொண்டே போனாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், விரல் முழுக்க மை. மாதிரித் தேர்வு மதிப்பெண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. முப்பத்து மூன்றாவது நாள், குளோரின் கரைசலை நீலப் பீப்பாயில் நிரப்ப வந்த ஆள், "என்ன சார், போன வாரம் ஊத்தினது அப்படியே இருக்கு?" என்றான். வெயில் குறைவு, மருந்து அதிகம் வேண்டியிருக்காது என்று எதையோ அள்ளிவிட்டேன். அவனும் வேலை மிச்சம் என்று போய்விட்டான். அவன் போன பிறகு பீப்பாயின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். குளோரினைத் தண்ணீருக்குள் தள்ளுகிற சின்னப் பம்பு டக் டக்கென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சத்தமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

தேர்வு நாளன்று அவளுக்கு விடுப்பு. காலை ஷிஃப்டையும் நானே பார்த்தேன். பத்து மணிக்குச் சுகாதார அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்தில் இரண்டு நாளாகப் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும், பதினோரு பேர் ஆஸ்பத்திரியில் என்றார். பேச நேரமில்லை என்பதுபோல அவரே பாட்டிலை எடுத்துக்கொண்டு அறுபத்திரண்டு படியும் ஏறினார். திரும்பி வந்து குழாயில் ஊற்றி, நான்கு சொட்டு விட்டார். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

சின்னப் பம்பின் குழாயைக் கழற்றினால், உள்ளே சுண்ணாம்புபோல வெள்ளையாகக் கட்டி அடைத்திருந்தது. இரண்டு வாரமாவது ஆகியிருக்கும் என்றார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார். புள்ளி ஆறு, புள்ளி ஆறு, புள்ளி ஏழு, புள்ளி ஆறு. அந்த நேரத்தில் அவள் எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேள்விகளுக்கு மளமளவென்று விடை குறித்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு பிள்ளைகளில் பத்துப் பேர் வீடு திரும்பினார்கள். திரும்பாத பெண் மணிக்கூண்டின் மகளுடைய வகுப்பு.

விசாரணையில் அவள் எதையும் மறைக்கவில்லை. "பதினெட்டு நாள் பார்க்காம எழுதினேன் சார்" என்று நாளைக்கூட எண்ணிச் சொன்னாள். என் பக்கம் திரும்பினார் அதிகாரி.

"உங்க ஷிஃப்ட்ல?"

"நான் பார்த்தப்போ மஞ்சள் வந்துச்சு சார்."

வாய் கூசவில்லை. அவள் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அதிகாரிகளுக்கு ஒரு ஆள் மாட்டினால் போதும், இன்னொருவரை ஏன் தேடப்போகிறார்கள்? அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது.

ஒரு மாதம் கழித்துத் தேர்வு முடிவு வந்தது. துறையிலிருந்து எழுதியவர்களில் அவள்தான் முதல், நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம். தேர்வைக் கவனிக்கிற பிரிவுக்கு இந்தச் சங்கதி தெரியவில்லை போலிருக்கிறது. குமாஸ்தா அதை என் கையில் கொடுத்து, "நீங்கதானே பழக்கம்" என்றார். தபாலில் போட்டிருக்கலாம். அவள் வீட்டுக்கு ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவள் வாயால் கேட்கத்தான் போனேன் போலும்.

அவள் கடிதத்தை நின்றபடியே படித்தாள், மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"பதிவேட்டுல உங்க எண்ணெல்லாம் ஏழு நாளைக்கு ஒருதடவை அப்படியே திரும்புது அண்ணே. முப்பதாவது நாளே பிடிச்சிட்டேன். தண்ணி அப்படி வராது, மனுஷன்தான் அப்படி எழுதுவான்."

 "அப்புறம் ஏம்மா நீ..."

"பத்து நாள்தானே இருக்குன்னு நினைச்சேன். நூத்தறுபது நிமிஷத்தை விட மனசு வரல. தெரிஞ்சேதான் உக்காந்திருந்தேன் அண்ணே, உங்களை மாதிரியே."  பிறகு கேட்டாள்: "இப்பவாவது மேல ஏறிப் பாக்குறீங்களா?"

"பாக்குறேம்மா. சத்தியமா தினமும் எட்டுத் தடவை பாக்குறேன்" என்றேன். அது உண்மை.

அவள் உள்ளே போய், அடுப்பில் பெரிய பாத்திரம் நிறையக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, தீயை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.