ஆமென் சொல்லாத மணி

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒரு பழைய டைம்பீஸ் இருக்கிறது. பச்சை நிறம், தலையில் இரண்டு கிண்ணம், கண்ணாடிக்குள் ஆற்றுச் சேறு காய்ந்த கறை. ஓடாது. பார்க்கிறவர்கள், "இத்த இன்னாத்துக்கு வெச்சிக்கினு கீறே, காயலான் கடையில போடு" என்பார்கள். நான் தூசு தட்டி அதே இடத்தில் வைத்துவிடுவேன். என் அண்ணியின் மடியில் இருக்கும்போது நின்றுபோன கடிகாரம் அது.

தொண்ணூறுகளில் நாங்கள் சைதாப்பேட்டையில், அடையாற்றுக்குச் சற்று மேலே ஒரு சந்தில் குடியிருந்தோம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு நான் தி. நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். வாய் ஓயாதவள்; கடையில் கேட்ட பேச்சையெல்லாம் மடித்துக் கொண்டுவந்து வீட்டில் உதறுவேன். அண்ணி, அதாவது என் பெரியண்ணன் மனைவி, அதைக் கேட்டுச் சிரிப்பார். சிரித்த கையோடு பயந்தும் போவார். "போதும்டீ. ஆண்டவர் கேக்கப் போறது ஒரே கேள்வி. குடுத்த பொழுத இன்னா பண்ணேன்னு. உன் கடைக் கதய கேட்டுக்கினு இருந்தேன்னா சொல்லுவேன்?" சின்ன வயதில் ஏதோ எழுப்புதல் கூட்டத்தில் நியாயத்தீர்ப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு, அன்றே காய்ச்சலில் படுத்தாராம். காய்ச்சல் இறங்கியது, பயம் இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றால் உதடு ஜெபித்துக்கொண்டிருக்கும். டிவி பெட்டிக்கு முதுகைக் காட்டித்தான் கீரை ஆய்வார். தூங்கி எழுந்தால்கூட ஏதோ திருடிவிட்டவர் போல முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

எங்கள் சபையில் சங்கிலி ஜெபம் என்று ஒன்று உண்டு. ஊருக்கு ஒரு இக்கட்டு வந்தால் வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டு, இரவும் பகலும் யாராவது ஒருவர் முழங்காலில் இருக்க வேண்டும். அதற்கென்றே இந்த டைம்பீஸ். உங்கள் மணி முடிந்ததும் அலாரம் அடிக்கும். அப்படியே எடுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். நடுவில் இருப்பவர்கள் ஆமென் சொல்லக் கூடாது; கடைசி வீட்டில்தான் ஆமென். இடையில் எழுந்தால் சங்கிலி அறுந்துவிடும், யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர்களுக்கே ஆபத்து என்று எங்கள் சந்துப் பெண்கள் நம்பினார்கள். சபைப் போதகரான ஐயர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. பயம் தானாகவே சேர்த்துக்கொண்ட சட்டம் அது.

அந்த வருடம் மழை விடவில்லை. ஆறு ஏறிக்கொண்டே வந்தது. தண்ணீர் குடிசைகளுக்குள் புகக் கூடாது என்றுதான் அந்தச் சங்கிலி. ஒரு பிற்பகல் அண்ணியின் முறை வந்தது. கடை மூடியிருந்ததால் நானும் வீட்டில் இருந்தேன். உள்ளறையில் முக்காடு போட்டு, டைம்பீஸை எதிரே வைத்துக்கொண்டு அவர் முழங்காலிட்டார். வெளியே மழைச் சத்தம் திடீரென்று கனத்துப்போனது போல இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அது மழை இல்லை. சந்தின் அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் படியேறிக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் குடம் தானாக நடந்து வருவது போல மிதந்து வந்தது.

அப்போதுதான் ஆற்றோரக் குடிசையில் குடியிருந்த ஒரு அக்கா, இடுப்பளவு நனைந்து வாசலில் வந்து கத்தினார். "அக்கா! எம் மாமனாரு கட்டில்லயே கீறாரு! எங்க வூட்டாளு வேலைக்குப் பூட்டாரு. ஒத்தையா தூக்க முடியல, வாக்கா!" அவர் மாமனார் பக்கவாதத்தில் விழுந்தவர். எங்கள் சாமியைக் கும்பிடுகிறவர்கள் இல்லை, ஆனாலும் அந்தப் பெரியவர் அண்ணியை "இன்னா அல்லேலூயா, சோறு துன்னியா?" என்றுதான் விசாரிப்பார்.

நான் உள்ளறை வாசலில் போய் நின்றேன். அண்ணிக்கு எல்லாம் கேட்டிருந்தது. டைம்பீஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் ஒரு முகத்தில் பார்த்ததில்லை. எழுந்தால் ஊர் முழுகும். எழாவிட்டால் அந்த மனிதர் முழுகுவார். "இன்னும் அடிக்கலையேடீ" என்றார், அழுகிற குரலில். வெளியே அந்த அக்கா மறுபடி கூப்பிட்டார். அண்ணி டைம்பீஸை எடுத்து மடியில் செருகி, முந்தானையை இழுத்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

குடிசைக்குள் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. பெரியவரின் ஒரு கண் மட்டும் எங்களையே பார்த்தது. "தலய நான் புடிக்கிறேன், கால வுடாதடீ, வுட்டியானா போச்சு!" என்று அண்ணி அதட்டினார். மார்பளவுத் தண்ணீர் பின்னாலிருந்து தள்ள, மூன்று பெண்கள் அவரை விறகுக்கட்டு போலச் சுமந்து மேட்டுத் தெருவுக்குக் கொண்டுவந்தோம். வழியெல்லாம் அண்ணி ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அந்தக் குடிசையின் கூரை மட்டும் தெரிந்தது.

சங்கிலியில் அடுத்த முறை உபதேசியாரம்மாவுடையது, எங்கள் சபை ஊழியரின் மனைவி. அவர் வீட்டு வாசலில் அண்ணி சொட்டச் சொட்ட நின்று, மடியிலிருந்து டைம்பீஸை எடுத்தார். முள் அசையவில்லை. "எங்கையில அறுந்துபோச்சும்மா. ஊரே போச்சு, என்னாலதான்."

உபதேசியாரம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தார். "ஆமென் சொன்னியா?"

"சொல்லல."

"அப்புறம் இன்னாத்துக்குடீ அறுந்துச்சின்றே? ஜெபம் இன்னும் நடந்துகினுதான் கீது. உள்ள வா, தலய தொவட்டு."

அண்ணி தலை துவட்டிக்கொண்டார். நம்பினாரா என்று தெரியாது. இரண்டாம் நாள் தண்ணீர் வடிந்தது. உயிர்ச்சேதம் எங்கள் சந்தில் இல்லை. நின்றுபோன டைம்பீஸைச் சபையில் யாரும் திரும்பக் கேட்கவில்லை; அது என்னிடமே தங்கிவிட்டது. ஆனால் அதன் பிறகு அண்ணி சங்கிலி ஜெபத்துக்குப் பேர் கொடுத்ததே இல்லை. அலாரச் சத்தம் எங்கே கேட்டாலும் மடியைத் தடவிப் பார்ப்பார்.

இப்போது அண்ணி கொட்டிவாக்கத்தில் மகள் வீட்டில் படுக்கையாக இருக்கிறார். போன வாரம் போயிருந்தேன். கடைக் கதைகளை அவிழ்த்தேன். இந்த முறை போதும் என்று சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று என் விரலைப் பிடித்தார்.

"டைம்பீஸ் ஓடுதா?"

"இல்ல அண்ணி."

"அந்தப் பெரியவரு, அதுக்கப்புறம் எத்தினி நாள் இருந்தாரு?"

"பேத்தி கல்யாணத்த பாத்துட்டுத்தான் போனாரு. பந்தியில ஒக்கார வெச்சாங்க, பாயசம் சாப்ட்டாரு, மறந்துட்டீங்களா?"

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் எழப் பார்த்தேன். விரலை விடவில்லை.

"ஆண்டவர் கேட்டா, அத்தச் சொல்லலாமாடீ?"

வாயாடி என்று பேர் வாங்கிய நான், சொல்லலாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்ததும் டைம்பீஸை எடுத்துத் துடைத்தேன். சாவி கொடுக்கவில்லை. எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலேயே நிற்கட்டும். அந்த ஒரே கேள்விக்கு அவர் சொல்லவேண்டிய பதில் அதில்தான் இருக்கிறது.