கிழியாத ஒட்டுத்தாள்

அந்தக் குடியிருப்பில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் எவருமில்லை. ‘அத்தாட்சி’ என்றால்தான் தெரியும். லிஃப்ட் ஓடவில்லை என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னாலும், எந்தத் தேதி, எத்தனை மணி, எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்பார். கேலி செய்தவர்களுக்கு அதன் பின்கதை தெரியாது. நீதிமன்றப் பதிவறையில் அவர் எழுத்தராக இருந்தபோது, ஒரு பத்திரக்கட்டைத் தொலைத்த பழி அவர் தலையில் விழுந்தது. அதை ஒப்படைத்ததற்கு அவரிடம் வாய்ச்சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை. பதினோரு ஆண்டுகள் பதவி உயர்வு கிடையாது. பிறகு ஒருநாள் மேலதிகாரியின் அலமாரியை நகர்த்தியபோது அந்தக் கட்டு பின்னால் கிடந்தது. “அட, இங்கயா இருந்துச்சு!” என்றார்கள், அவ்வளவுதான். அன்றோடு வாய்ச்சொல்லை நம்புவதை அவர் விட்டுவிட்டார். அது எவருடைய வாய்ச்சொல்லாக இருந்தாலும் சரி.

நான்கு ஆண்டுகளுக்கு முன், குடியிருப்பின் பன்னிரண்டு வீடுகளுக்கும் ஒரே நாளில் கேஸ் ஹீட்டர் மாட்டினார்கள். குளியலறைச் சுவரில் ஒரு தகரப்பெட்டி. தொட்டி கிடையாது. குழாயைத் திறந்ததும் டிக் டிக் டிக் என்று பொறி தட்டித் தானே பற்றிக்கொள்ளும். ஓடுகிற தண்ணீரை ஓட்டத்திலேயே சூடாக்கும். மாட்டியவன் மூடியும் பெட்டியும் சேருமிடத்தில் ஒரு ஒட்டுத்தாளை ஒட்டி, “இதை வேற யாரும் பிரிச்சா வாரன்டி போயிடும் சார்” என்றான். அவர் விடுவாரா? அந்தத் தாளின் குறுக்கே, மூடியில் தொடங்கிப் பெட்டியில் முடியும்படி, தம் கையெழுத்தை நீளமாகப் போட்டுவைத்தார்.

கையேட்டை அகராதி துணையோடு எழுத்தெண்ணிப் படித்தார். ஆண்டுக்கொரு முறை மூடியைக் கழற்றி, எரிமுனையில் படியும் கரியைத் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் மணமில்லாத நச்சுவாயு சேரும் என்பதன் கீழ் பென்சிலால் கோடிட்டார். ஆண்டு தவறாமல் சர்வீஸ்காரனை வரவழைத்தார். அவன் குளியலறைக்குள் போகும்போதே, “நீங்க போய் உங்க ரிஜிஸ்டரை எழுதுங்க சார், நான் பாத்துக்கிறேன்” என்பான். அவரும் மேசையில் அமர்ந்து, வந்த நேரம், அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் எழுதுவார். எழுதி முடிப்பதற்குள் அவன் வேலையை முடித்திருப்பான். ‘மூடி திறந்து, எரிமுனை சுத்தம் செய்யப்பட்டது’ என்ற சீட்டில் முத்திரை குத்திக் கொடுப்பான். அவர் பெட்டியைப் படமெடுத்து, அச்சிட்டு, சீட்டோடு சேர்த்துக் கோப்பில் வைப்பார். நான்கு சீட்டு, நான்கு படம்.

தையல் வேலை செய்யும் அவருடைய மனைவிக்கு இந்தக் குளிர்காலத்தில் தலைவலி தொடங்கியது. குளித்துவிட்டு வந்ததும் கட்டிலில் சாய்ந்துவிடுவாள்.

“என்னங்க, அந்த ஹீட்டர்ல நெருப்பு நீலமா இல்ல. மஞ்சளா எரியுது. எனக்கு என்னமோ சரியாப் படல.”

“போன மாசம்தான் சுத்தம் பண்ணிருக்கு. சீட்டு இருக்கு. உனக்கு ஊசியில நூல் கோத்து கோத்துக் கண்ணு கெட்டுப்போச்சும்மா.”

“ஆமா, என் தலை வலிக்குதுன்னு நான் சொன்னா போதுமா? தலையே வந்து முத்திரை குத்திக் குடுக்கணும்!”

அவர் கண் மருத்துவரிடம் அழைத்துப்போனார். புதுக் கண்ணாடி வந்தது. மருத்துவரின் சீட்டும் கோப்பில் ஏறியது. தலைவலி போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே குளிர் ஊசியாய்க் குத்தியது. குளியலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவள் குளிக்கப் போனாள். டிக் டிக் டிக். தண்ணீர் ஓடும் ஓசை. அவள் வெளியே வந்ததும் காட்டி வாயடைக்கவேண்டும் என்று அவர் கோப்பை எடுத்தார். நான்கு சீட்டுகளை வரிசையாக வைத்தார். கீழே நான்கு படங்கள். படங்களில் பெட்டியின் முகப்பில் ஒரு கரித்தடம் ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறியிருந்தது. அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

ஒட்டுத்தாள். முதல் படத்தில் அவருடைய கையெழுத்து மூடியிலிருந்து பெட்டிக்கு நீண்டிருந்தது. இரண்டாவதிலும். மூன்றாவதிலும். நான்காவதிலும் அதே மை, அதே வால். ஒரு மயிரிழைகூட விலகவில்லை. அந்த மூடியை ஒருவனும் ஒருநாளும் திறந்ததில்லை.

உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குவளைச் சத்தம் இல்லை. அது எப்போது நின்றதென்று அவருக்குத் தெரியவில்லை.

“ஏம்மா!”

கதவைத் தட்டினார்.

சமையலறைக்கு ஓடி சிலிண்டர் வால்வை மூடினார். கையேட்டின் ஏழாம் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. பிறகு தோளால் கதவை இடித்தார். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. சுவரில் சாய்ந்து, தலை தொங்க, நனைந்த துணியாகக் கிடந்தாள். ஜன்னலைத் திறந்து, போர்வையைச் சுற்றி, பால்கனிக்கு இழுத்துவந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். குளிர்காற்று முகத்தில் அடித்து வெகுநேரம் கழித்து அவள் இமைகள் அசைந்தன.

“இதுக்கு... என்ன தேதி போடுவீங்க?” என்றாள், குழறிய நாக்கால்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அப்போது கீழ்வீட்டின் பால்கனி வழியே அந்த ஒலி ஏறிவந்தது. டிக் டிக் டிக். பன்னிரண்டு வீடுகளுக்கும் அதே சர்வீஸ்காரன்.

“கீழ பிள்ளைத்தாய்ச்சிப் பொண்ணு இருக்கா. போங்க. நான் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள் மனைவி.

வெறுங்காலோடு படியிறங்கிக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டு மாமியார் கதவைச் சாண் அகலத்துக்குத் திறந்து எட்டிப்பார்த்தாள்.

“என்ன சார், யார்கிட்ட கையெழுத்து வேணும்? மருமக இப்பத்தான் குளிக்கப் போனா.”

“அவளை வெளிய வரச் சொல்லுங்க! அந்த ஹீட்டர் ஆளைக் கொல்லும்!”

“போன மாசம்தானே சர்வீஸ் பண்ணாங்க? சீட்டு குடுத்திருக்காங்களே. நீங்கதான சார் அதைப் பத்திரமா வைக்கச் சொன்னீங்க?”

அவர் தம் இரண்டு கைகளையும் பார்த்தார். கோப்பு மேலே மேசையில் விரிந்து கிடந்தது.

“சீட்டு பொய்ம்மா. நான் சொல்றதை நம்புங்க.”

அவள் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. அவள் திரும்பி மருமகளைக் கூப்பிட்டாள். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது முறையும் கூப்பிட்டாள்.