ஹில்டாவுக்கு வர வேண்டிய சிரிப்பு

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் அந்த மேடையில் நின்றவள். இந்தக் காதால் கேட்டவள். 1956 நவம்பர், இங்கிலாந்தின் ஸ்கார்பரோ ஊரில், பட்டப்பகல் காட்சியில் நடந்தது இது.

ஹில்டா ஸ்டேப்லி நாற்பது வருடம் நாடகத்திலும் சினிமாவிலும் வேலைக்காரி, நர்ஸ், வாடகை வீட்டுக்காரம்மா என்றே நடித்தவள். அவள் பெயர் யாருக்கும் தெரியாது, முகம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் நாடகத்தில் அவளுக்கு ஒரே ஒரு சிரிப்பு இருந்தது. தேநீர் ஆறிவிட்டதென்று எஜமான் கத்துவார். "கொண்டாந்தப்போ சூடாத்தாங்க இருந்துச்சு. நீங்கதான் பேச்சை நிறுத்தவே இல்ல" என்பாள். அரங்கம் சிரிப்பில் அதிரும்.

எஜமானாக நடித்த டெஸ்மண்ட் ஹாலோவேக்கு அது பொறுக்கவில்லை. அவள் கடைசிச் சொல்லுக்கு வரும்போதெல்லாம் இருமுவான். சிரிப்பு செத்துவிடும். பிறகு, கிழவிக்கு வசனம் மறக்கிறதென்று நாடகக் கம்பெனி முதலாளியிடம் போட்டுக்கொடுத்து வேலையையும் பறித்தான். அந்த மாதமே ஹில்டா தன் வாடகை அறையில் செத்துக்கிடந்தாள். வயிற்றில் அடித்த பாவி! இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

அவள் வேடம் எனக்கு வந்தது. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது.

அன்று டெஸ்மண்டின் நடிப்பைப் பார்க்க லண்டனிலிருந்து ஒரு பெரிய தயாரிப்பாளர் வந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் டெஸ்மண்டுக்கு லண்டன் மேடைதான்.

"கண்ணு, இன்னைக்கு என் நாள். தட்டை வச்சுட்டு ஓரமா நில்லு" என்றான், திரை விலகுமுன்.

"என் வசனத்துக்கும் இருமுவீங்களா?"

"பின்னே?"

இருமினான். என் வசனமும் செத்தது.

கடைசிக் காட்சி. மகனைப் பறிகொடுத்த எஜமான் கதறி அழ வேண்டும். மேடையில் அவனும் நானும் மட்டும். மணி நாலேகால். வாயைத் திறந்தான்...

க்ஹும்.

வறட்டு இருமல். நான் இருமவில்லை.

மறுபடி தொடங்கினான்.

க்ஹும்.

நெற்றியில் வியர்வை பூத்தது. என்னைப் பார்த்து, "நீயா?" என்று உதட்டை அசைத்தான். இல்லையென்று தலையாட்டினேன்.

அப்புறம்... சிரிப்பு.

அரங்கில் முப்பது பேர்கூட இல்லை. ஆனால் ஆயிரம் பேர் சிரித்தார்கள்.

நிற்கவே இல்லை.

காதைப் பொத்தினான்.

ஓடினான்...

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. தயாரிப்பாளர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டெஸ்மண்ட் அதன்பின் எந்த மேடையிலும் ஏறவில்லை.

வாசலில் சீட்டு கிழிக்கும் டோரீன் அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். ஹில்டாவைப் பார்த்ததே கிடையாது. கடைசிக் காட்சியின்போது பின்வரிசையில்தான் நின்றிருந்தாள்.

"ஜனங்க ஏன் அப்படிச் சிரிச்சாங்க?" என்று காட்சி முடிந்ததும் அவளிடம் கேட்டேன்.

"சிரிச்சாங்களா? யாரும் சிரிக்கலையேக்கா. ஊசி விழுந்தாக்கூட கேட்டிருக்கும்."

டோரீன் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அது கெடக்கட்டும்க்கா... அவர் முதுகோட ஒட்டி நின்னுச்சே ஒரு வயசான அம்மா, அவர் காதுல அது என்ன சொல்லுச்சு?"